இடப்பக்கம் விழுந்த பூ

என் வலது காலில் பாதிப் பாதம் இல்லை. அதற்குப் பாதிக் காரணம் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. மீதிப் பாதி நான். "எல்லாம் விதி, சாமி குறித்தது" என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். சாமியை முதலில் இதில் இழுத்துவிட்டவன் நான். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில், போர்ட் கிள்ளானில் இருபத்தாறு வருடம் ட்ரெய்லர் ஓட்டினேன். துறைமுகத்தில் கொண்டெய்னரை ஏற்றி, சுபாங் ஜெயா, செமினி என்று கிடங்கு கிடங்காக இறக்கிவிட்டுத் திரும்புவேன். சாப்பாடு பெரும்பாலும் வண்டிக்குள்ளேதான். இனிப்பு நீர் இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன பிறகும் பாலும் சீனியுமாக ஆற்றித் தரும் தே தாரிக்கை விடவில்லை. ஒரு நாள் வீட்டில் சப்பாத்தைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். உள்ளே ஒரு சின்னக் கல். எத்தனை நாள் குத்திக்கொண்டிருந்ததோ தெரியாது. எனக்கு வலிக்கவே இல்லை.

அந்தப் புண் ஆறவில்லை. கறுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் மகள் வயது இருக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அங்கிள், பெருவிரலும் அதுக்குப் பக்கத்து விரலும் செத்துப் போச்சு. எடுத்துடணும். இன்னைக்கே வார்டுல சேருங்க. லேட் பண்ணா மேல ஏறிடும்."

"பெருவிரல் இல்லாம பிரேக்க எப்படிமா மிதிக்கிறது?"

"மொதல்ல கால் இருக்கட்டும் அங்கிள். பிரேக்கப் பத்தி அப்புறம் பேசலாம்."

"வீட்டுல கலந்து பேசிட்டு வரேன்" என்றேன். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வீடு என்றால் என் மனைவிதான். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்கிறேன் என்ற தாளில் கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போகிறேன் என்று இன்னொரு தாள் நீட்டினார்கள். அதில் உடனே போட்டேன். மாத்திரை கொடுத்து, ரெண்டு நாளில் கட்டாயம் வரச் சொன்னார்கள்.

எங்கள் லோரி யார்டு வேலியை ஒட்டி ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுச் சிலை, கையில் அரிவாள். வண்டி எடுக்கும் முன் எல்லா டிரைவரும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவோம். சீன டிரைவர்களும் உண்டு. பூசாரி துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர்.

அங்கே பூ வாக்கு கேட்பது வழக்கம். சிலைக்குத் தண்ணீர் விட்டு, ஈரத் தலையில் ஒரு மல்லிகைப் பூவை வைப்பார் பூசாரி. கேட்பதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாமிக்கு வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். அந்த யார்டில் பொண்ணு பார்ப்பது, வீடு வாங்குவது, வேலை மாறுவது எல்லாம் அப்படித்தான் முடிவாகும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கேதான் போனேன். "விரலை எடுக்கலாமா?" என்று கேட்டேன். பூசாரிக்கு வேர்க்கிறதே என்று போன திருவிழாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த காத்தாடி சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பூ இடப்பக்கம் விழுந்தது.

"இன்னொரு தடவ வைங்கண்ணே."

மறுபடியும் இடது. மூன்றாவது தடவையும் இடது.

"ஐயா தெளிவா சொல்லிட்டாரு தம்பி. கத்தி வைக்காத" என்றார் பூசாரி.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னோடு எதற்கும் வாதாடுகிறவள். நான் வாங்குகிற தக்காளியைக்கூட விடமாட்டாள். அன்றைக்கு, "சாமி சொல்லிட்டாருன்னா நான் என்ன பேச முடியும்?" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வேண்டியதும் அதுதான். என்னை மறுக்கலாம். முனீஸ்வரரை மறுக்க முடியாது.

பதினோரு நாள் அப்படிப் போனது. செமினியில் ஒருவர் பச்சிலை வைத்துக் கட்டினால் புண் ஆறும் என்று ஒரு கூட்டாளி சொன்னான். போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் மூன்று பூவின் கதையைச் சொன்னேன். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தராவது "கட்டைப் பிரி, காலைப் பார்ப்போம்" என்று கேட்கவில்லை. அவர்கள் மேல் இன்னும் எனக்கு வருத்தம் உண்டு. காலைப் பார்த்தவள் மனைவி மட்டும்தான். தினமும் கட்டு மாற்றினாள். எட்டாம் நாளிலிருந்து மூக்கில் துணி கட்டிக்கொண்டு மாற்றினாள்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. எனக்குக் காய்ச்சல்.

"ஏங்க, இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாம். நானும் வரேன்" என்றாள்.

நொண்டிக்கொண்டு போனேன். பூசாரி சூடம் கொளுத்தித் தட்டைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அவள் மூடவில்லை.

"ஏங்க, சூடத்தப் பாருங்க."

பார்த்தேன். நெருப்பு நேராக எரியவில்லை. சாமிக்கு இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டு எரிந்தது. அவள் வலப்பக்கச் சுவரைப் பார்த்தாள். அங்கே காத்தாடி. அதன் மேல் சிவப்பு பெயிண்டில் 'உபயம்' என்று போட்டு என் லோரி நம்பர். அந்தச் சுவரில்தான் பிளக் இருந்தது, அதனால் அங்கே மாட்டினோம். மாட்டும்போது நாற்காலி மேல் ஏறி நின்றவன் நான்.

அவள் போய் சுவிட்சைத் தட்டினாள்.

"ஏம்மா, வேர்க்குதுமா" என்றார் பூசாரி.

"வேர்க்கட்டும். இப்ப வைங்க பூவ."

"சாமி விஷயத்துல சந்தேகப்படக் கூடாதுமா."

"சாமி மேல எனக்குச் சந்தேகம் இல்ல. இந்தக் காத்தாடி மேலதான். வைங்கலா!"

பூசாரி தண்ணீர் விட்டுப் பூவை வைத்தார். மூவரும் நின்றோம். பிறகு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே லோரிகள் ஒவ்வொன்றாகப் போயின. பெரிய வண்டி போகும்போது தகரக் கூரை அதிரும், பூ லேசாக ஆடும், அங்கேயே நிற்கும். அரை மணி நேரம் ஆனது. வலதும் இல்லை, இடதும் இல்லை.

"ஐயா கோவமா இருக்காரு" என்றார் பூசாரி, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் அது என் மேல் திரும்பியது. நான் அங்கே வழி கேட்க வரவில்லை. முதல் பூ வலப்பக்கம் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? வேறு கோயிலுக்குப் போயிருப்பேன். ஆஸ்பத்திரித் தாளில் நான் போட வேண்டிய கையெழுத்தை முனீஸ்வரரைப் போடச் சொல்லிக்கொண்டு பதினோரு நாளாக உட்கார்ந்திருந்தேன். அவர் போடவில்லை. எனக்கு விரல் போகும் என்பதல்ல பயம். வண்டி போய்விடும் என்பதுதான். வண்டி இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது. அதை முனீஸ்வரரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, வாய் மட்டும் அசைந்தது. பயமாக இருக்கிறது, போகிறேன், கூட வா. அவ்வளவுதான். பூ அப்போதும் விழவில்லை. ஆனால் எழுந்து நிற்க முடிந்தது. அதற்கு முன் பதினோரு நாளும் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் கால் எடுத்து வைக்க முடியாதவன் நான். அந்தத் தெம்பை வேறு யார் கொடுத்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"வண்டிய வரச் சொல்லு. நேரா ஆஸ்பத்திரி" என்றேன்.

அவள் முன்பே போனில் கார் கூப்பிட்டு வைத்திருந்தாள். பூசாரி சிலையின் தலையிலிருந்து அந்தப் பூவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை ஆஸ்பத்திரித் தாள்கள் இருந்த பிளாஸ்டிக் ஃபைலுக்குள் வைத்தாள்.

அதே டாக்டர்தான். கட்டைப் பிரித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை நீட்டினாள், போட்டேன். இரண்டு விரலாக இருந்தது பாதிப் பாதமாகிவிட்டது. நாலு நாள் கழித்து அவளிடம் கேட்டேன்.

"அன்னைக்கே வந்திருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாது அங்கிள். ரெண்டு விரலோட முடிஞ்சிருக்கலாம்."

அந்தப் பதிலில் மழுப்பல் இல்லை. அதற்காக அவளுக்கு நன்றி.

இப்போது நான் அதே யார்டில் கேட் பக்கத்து அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எந்தக் கொண்டெய்னரை எடுக்க வேண்டும் என்று டிரைவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டுவது போல இல்லை. பொய் சொல்ல மாட்டேன், சில நாள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். காத்தாடி அங்கேதான் இருக்கிறது. பூ வைக்கும்போது மட்டும் பூசாரியே அதை நிறுத்திவிடுகிறார். நான் பூ கேட்பதில்லை. கேட்க வருகிறவர்களைத் தடுப்பதும் இல்லை. "டாக்டர் என்ன சொன்னாரு? அத மொதல்ல சொல்லு" என்று கேட்பேன். சிலருக்குப் பிடிப்பதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று மனைவி அந்த ஃபைலைத் திறந்தாள். காய்ந்த மல்லிகை நழுவித் தரையில் விழுந்தது.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு பாத்தீங்களா?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பாக்கல. நட போலாம்" என்றேன். அவள் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள்.