அண்ணனுக்கு ஏறிய நிறை

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வட்டக்கச்சியில் அண்ணனுக்குக் குடியேற்றக் காணி கிடைத்தது. வந்த முதல் வருடமே அண்ணி காய்ச்சலில் போய்விட்டா. பிறகு துணைக்கு நான் வந்தேன். வயல் அவருடையது, குசினியில் சமையல் என்னுடையது.

சில வருடங்களில் அவருக்குக் கால் வீங்கியது. வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தாலே மூச்சு வாங்கியது. நகங்கள் வெளிறின. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இருதயம் பலவீனம், அதனால் சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை, நீர் உடம்பில் தங்குகிறது, இரத்தமும் குறைந்துவிட்டது என்றார் டாக்குத்தர். இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளுக்கு ஒருமுறை நீர் போக ஊசி. உப்பைக் குறைக்க வேண்டும். கிழமைதோறும் நிறை பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். நிறை எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரத்தம் குறைவு என்பதுதான் எனக்கு விளங்கியது. அதற்கு என் கையால் ஏதாவது செய்யலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் தந்த இரும்புச்சத்துக் குளிசையோடு ஈரல் சமைத்துக் கொடுத்தேன். ஒட்டுசுட்டானிலிருந்து காயவைத்த மான் இறைச்சி வத்தல் எடுப்பித்தேன். கறிக்கு உப்புப் போடுவதை அடியோடு நிறுத்தினேன். வத்தலில் ஊறியிருந்த உப்பை நான் நினைக்கவேயில்லை.

நிறை பார்த்தது கூட்டுறவுச் சங்கக் கடையில், நெல் மூட்டை ஏற்றும் தராசில். இரண்டாம் கிழமை நாலு இறாத்தல் கூடியிருந்தது. அடுத்த கிழமை இன்னும் ஐந்து.

"உன்ரை சமையலைத் திண்டும் ஏறுதெண்டால் தராசிலைதான் பிழை" என்றார் அண்ணன்.

கடைக்காரர் குனிந்து முள்ளைப் பார்த்தார். "காயாத நெல்லும் இப்பிடித்தான் அண்ணை, பாரமாய் நிக்கும்."

மூன்று பேரும் சிரித்தோம். வயல்காரர் நாங்கள். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உடம்பு தேறுகிறது என்று சந்தோசப்பட்டேன்.

ஊசிக்குப் போக வேண்டிய நாள் அறுவடையோடு வந்தது; வெட்டிய நெல் அடிக்கப்படாமல் குவிந்து கிடந்தது.

"தம்பி, படுத்தால் மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போட்டு வருவமே?"

"ஒன்பது இறாத்தல் ஏறியிருக்கிறியள். சூடடிச்சுப் போட்டுப் போவம்."

"ஓம்" என்றார். பிறகு கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து, அவரால் உட்காரவும் முடியாமல் போன பிறகுதான் கொண்டு போனேன். நிறை எழுதிய துண்டை நீட்டிவிட்டு, டாக்குத்தர் நல்லது சொல்லுவார் என்று நின்றேன். அவர் அதை இரண்டு தரம் பார்த்தார்.

"இது சதையில்லைத் தம்பி, தண்ணி. ஏறத் தொடங்கின உடனை கொண்டு வந்திருக்க வேணும்."

அவர் ஏசவில்லை. அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் நல்லாத்தான் பாத்தவன், ஐயா" என்றார்.

மூன்றாம் நாள் சலம் கழிவதும் நின்றுவிட்டது. நாலாம் நாள் காலையில் அவர் செத்துப்போனார். எனக்கு அழுகை வரவில்லை. கிரியை முடிந்து மிச்ச நெல்லைச் சூடடித்தேன். அந்த வேலை வழக்கம்போலவே நடந்தது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவிடம் நெஞ்சு வருத்தம் வந்து செத்தார் என்று மட்டும் சொன்னேன். போவமே என்று அண்ணன் கேட்டதையும் நான் மறித்ததையும் யாருக்கும் சொன்னதில்லை. அக்காவுக்கு இந்தத் தாளையே அனுப்பப் போகிறேன்.

எழுதியது: 1966, ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை.