வலிக்காத கால்

உள்ளங்கால் தோலை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் பொய் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அது செவ்வாய்க்கிழமை. இன்று ஞாயிறு.

ஃபிஜித் தலைநகர் சுவாவில் எனக்கு மருத்துவப் படிப்பின் முதல் வருடம். பாடம் எபிதீலியம், அதாவது உடலின் வெளிப்பரப்பையும் உள்ளறைகளையும் போர்த்தியிருக்கும் திசு. இரண்டு வாரமாக அதன் மேல் எனக்குப் பைத்தியம். நுரையீரலின் காற்றறையில் ஒரே அடுக்கு, அதுவும் தட்டைச் செல்கள். காற்று ஊடுருவ அவ்வளவு மெலிவு வேண்டும். குடலில் உறிஞ்சுவதற்கென்று தூண் மாதிரி நெட்டைச் செல்கள். சிறுநீரகக் குழாயில் கனசதுரம். மூச்சுக்குழாயில் உள்ளவற்றுக்கு நுண்மயிர் உண்டு, தூசியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சிறுநீர்ப்பையில் இருப்பவை பை நிறைந்தால் தட்டையாகும், காலியானால் பழையபடி உருண்டுகொள்ளும். விடுதிச் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் சொல்லி அறைத்தோழியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று உள்ளங்கால். அடுக்கின் மேல் அடுக்கு. மேலே உள்ளவை செத்துக் கெட்டிப்பட்டு, நமக்காகத் தேய்வதற்கென்றே இருப்பவை. இந்தத் திசுவுக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது, கீழிருந்து கசிவதைக் குடித்துத்தான் வாழ்கிறது என்றார் ஆசிரியர். பிறகு போகிற போக்கில் ஒன்று சொன்னார். தீ மேலாகச் சுட்டால் நோயாளி கத்துவான். தோல் முழு ஆழத்துக்கும் போய் நரம்பும் வெந்துவிட்டால் கத்தமாட்டான். வலிக்கவில்லை என்று சொல்லும் தீக்காயத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

அதற்கு முந்தைய ஞாயிறு அண்ணி தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். "உங்க அண்ணன் கால்ல கரும்புக் கட்டை குத்திடுச்சாம். பள்ளமா இருக்குது, வலியே இல்லங்கறாரு. மாட்டுத் தோலு!"

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் கோவிலில் தீமிதி. தீக்குழி தாண்டி வருபவர்கள் கால் நனைக்கும் பால்குழி பக்கம் நான் நின்றிருந்தேன். அண்ணனுக்கு முன்னால் போனவர் நடுக் குழியில் தடுமாறினார். அண்ணன் நின்று அவர் இடுப்பைப் பிடித்தார். இரண்டு மூச்சு இருக்கும். பிறகு இருவரும் வந்துவிட்டார்கள், நான் கைதட்டினேன்.

எங்கள் கோவிலில் யாருக்கும் சுடுவதில்லை. விரதம் கெட்டவனைத்தான் தீ சுடும் என்பது நம்பிக்கை. அதனால் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு, சொன்னவர்கள் கிடையாது.

நான் படத்தை வரைந்து முடித்தேன். உயிருள்ள அடுக்குக்கு ஊதா, செத்த அடுக்குக்கு இளஞ்சிவப்பு. வெள்ளிக்கிழமை தேர்வு இருந்தது, அதையும் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். திங்களன்று வார்டுக்குக் கூட்டி வா, அறுவை மருத்துவரிடம் பேசுகிறேன், வாக்குறுதி எதுவும் தரமாட்டேன் என்றார்.

சனிக்கிழமை முதல் பஸ். நவுவா தாண்டும்வரை வெளியே பார்த்தேன், எதைப் பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. சிகடோகாவில் அண்ணனின் பஸ் நின்றிருந்தது. அவர் நாந்திக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர்.

"வாங்க டாக்டரம்மா! இன்னா, சொல்லாம கொள்ளாம?"

அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸில் நாற்பது பேராவது இருந்தார்கள்.

நாந்திக்குப் பக்கத்தில் வோட்டுவாலேவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் செருப்பைக் கழற்றியதும் சொன்னேன்.

"அண்ணே, அது கரும்புக் கட்டை இல்ல."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அடுப்பைப் பார்த்தார்.

"எட்டாம் நாளு பக்கத்து வூட்டு ஃபிஜிக்காரரு செத்துட்டாரு இல்ல?" என்றார் அண்ணன். "விரதத்துல சாவு வூட்டுக்கே போவக் கூடாது. போனேன். ஒரு சிரட்டை யங்கோனா குடுத்தாங்க. இருவது வருசமா பக்கத்துல இருந்த மனுசன். வேணாம்னு எப்பிடிச் சொல்லறது? குடிச்சேன். ஆத்தா பாத்துட்டா."

யங்கோனா வேரைக் கரைத்த பானம், நாக்கை மரக்கவைக்கும். துக்க வீட்டில் அதை மறுத்தால் செத்தவரை மறுத்த மாதிரி.

"நீங்க குழியில நின்னீங்க. அதான் சுட்டது."

"அதெல்லாம் உன் புஸ்தகத்துல."

காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். விரல்களுக்குக் கீழே, பிரேக்கை அழுத்தும் இடத்தில், ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவு. நடுவில் மந்தமான சிவப்பு. பஞ்சால் தொட்டேன், அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தொட்டது தெரியவில்லை. ஓரம் மட்டும் எரிகிறது என்றார். ஓரத்தைச் சுற்றி முத்துச் சிப்பியின் உள்பக்கம் போல வெளிறிய, மெல்லிய ஒரு விளிம்பு.

அவர் குனிந்து, நகத்தால் அந்த விளிம்பைக் கிள்ளப் போனார்.

"என்ன பண்றீங்க?"

"சீழ்த்தோலு. தெனம் வருது, தெனம் எடுக்கிறேன். உங்க அண்ணி வேப்பிலை மஞ்சள் அரைச்சுப் பூசுவா. காலையில காஞ்சிருக்கும். தேங்காய் நாரு போட்டுத் தேச்சா எல்லாம் சுத்தமா வந்துடும்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நுண்ணோக்கியடியில் இரண்டு வாரம் நான் தேடித் தேடிப் பார்த்தது, உயிரோடு, இங்கே இருந்தது.

"சீழ் இல்லண்ணே. அதுதான் உங்க புதுத் தோலு. நடுவுல தோல் முளைக்க வேர் இல்ல, வேர்வைச் சுரப்பி வரைக்கும் வெந்துபோச்சு. ஓரத்துலேருந்துதான் ஒவ்வொரு செல்லா நகர்ந்து வரணும். வந்துச்சு. மூணு வாரமா நீங்க தெனம் பிச்சு எறிஞ்சிட்டீங்க."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது, அண்ணி இறக்கவில்லை. நான் எழுந்து இறக்கிவைத்தேன்.

"இப்ப விட்டா மூடிக்குமா?" என்றார் அண்ணன்.

"இவ்வளவு அகலத்தை ஓரம் மட்டும் மூட முடியாது. தொடையிலேருந்து மெல்லிசா சீவி எடுத்து ஒட்டணும். புடிச்சுக்கலாம், புடிக்காமலும் போகலாம். புடிச்சாலும் பழைய மாதிரி உணர்ச்சி வராது. காயம் ஆறும்."

"தொடைத் தோலு." அவர் தொடையைத் தட்டிப் பார்த்தார். "அதுவும் அன்னிக்கு அந்த யங்கோனாவைக் குடிச்ச தோலுதானே?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகை. எனக்கு இரண்டும் வரவில்லை. காயத்தை உப்புநீரில் கழுவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டினேன். என் கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

கம்பெனிக்கு விடுப்புக் கடிதம் எழுத வேண்டும். எழுதிக்கொடுக்கும் பழக்கம் அண்ணிக்கு. காரணம் என்ற இடத்தில் அண்ணியின் பேனா நின்றது. அந்த ஆபீஸில் பாதிப் பேர் எங்கள் கோவில்காரர்கள்.

"கரும்புக் கட்டைன்னே போடவா?"

அண்ணன் கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "நேத்து நாந்தியாண்ட ஒரு பள்ளிக்கூடப் பையன் குறுக்கால வந்தான். பிரேக்கு இருக்குதுன்னு மிதிக்கிறேன், ஆக்சிலேட்டரு. நூலிழையில தப்பிச்சான். தீன்னு எளுது" என்றார்.

இன்று காலை பூசாரியிடமும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பூசாரி என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. தன் காலைக் காட்டினாரு" என்றார்.

நாளை விடியற்காலை பஸ். ஓட்டப்போவது வேறு டிரைவர். அண்ணனுக்கு ஜன்னலோரம் பிடித்துவைக்க வேண்டும். மருத்துவர் ஒத்துக்கொண்டால் தொடையிலிருந்து காகித மெலிவில் தோலைச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் பரப்புவார்கள். முதல் நாட்களில் அது கீழிருந்து கசிவதைக் குடித்துத்தான் உயிரோடு இருக்க வேண்டும். ஐந்து நாள் கட்டைப் பிரிக்கக் கூடாது, தொட்டுப் பார்க்கக் கூடாது. அந்த ஐந்து நாளும் வகுப்பு முடிந்ததும் வார்டுக்குப் போய் அவர் கட்டிலருகே உட்காரப் போகிறேன். முதலில் அவர் விரல்களுக்கு நகவெட்டியைப் பையில் எடுத்து வைக்க வேண்டும்.