மச்சான் கையின் சத்தம்

மச்சானுக்குக் கோளாறு கையில் இல்லை, மனசில்தான் என்று அய்யலூர்ச் சந்தையில் அவருடைய கூட்டாளிகள் நடுவே தீர்ப்புச் சொன்னவன் நான். என் தகுதி, நரம்புகளைப் பற்றி இரவல் வாங்கிய ஒரு புத்தகம். அதிலும் பாதிதான் படித்திருந்தேன்.

மச்சான், அக்காவின் கணவர், ஆட்டு வியாபாரி. ஆட்டின் இடுப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பிடி பிடித்தால் கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார். தொண்ணூறுகளின் கடைசியில் ஆட்டு வண்டி கவிழ்ந்து முழங்கையில் அடி. எலும்பு கூடிவிட்டது, அந்தப் பிடி மட்டும் திரும்பவில்லை. ஒருநாள் சந்தையில் அவர் கையிலிருந்து கயிறு நழுவி ஒரு கிடாய் கூட்டத்துக்குள் பாய்ந்தது. சந்தையே கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலிலும் கேட்கும்படி நான் விளக்கம் சொன்னேன்.

"மூளை உத்தரவு போட்டா தசை கேட்டுத்தான் ஆகணும் மச்சான். நீங்க உத்தரவே போடலை."

 அதன்பின் மச்சான் சந்தைக்குப் போகவில்லை.

அக்கா நச்சரித்ததால் மதுரைக்கு அழைத்துப் போனேன். என் தீர்ப்புக்கு ஒரு முத்திரை வாங்கிவரலாம் என்பது உள்ளூர நினைப்பு. டாக்டரம்மா மச்சானின் கட்டைவிரல் ஓரத்துத் தசையில் மெல்லிய ஊசியைக் குத்தி, அதன் வயரை ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டினார்.

"இப்ப விரலை நல்லா அழுத்துங்கய்யா."

மச்சானின் நெற்றி வியர்த்தது. ஸ்பீக்கரில் ஒரே ஒரு சத்தம், தடதடவென்று.

"பாத்தீங்களா, ஒத்தைச் சத்தம். அழுத்தவே மாட்டேங்கிறார்" என்றேன்.

"நீங்க யாரு?"

"மச்சினன்."

"சரி, செத்த நேரம் சும்மா இருங்க."

பிறகு டாக்டரம்மாவே விளக்கிச் சொன்னார். தண்டுவடத்தில் இருக்கும் ஒவ்வொரு நரம்புச் செல்லுக்கும் தசையில் ஒரு பங்கு உண்டு. லேசாக அழுத்தினால் ஒன்றிரண்டு செல்கள் மெதுவாகத் தட்டும். பலமாக அழுத்த அழுத்த அவை வேகமெடுக்கும், மற்றவையும் சேர்ந்துகொள்ளும். தகரக் கூரையில் மழை பெய்த மாதிரி இரையும். மனசில்லாமல் அழுத்தினாலும் ஒன்றிரண்டுதான் கேட்கும், ஆனால் சோம்பலாக.

"இவருக்கு மத்ததெல்லாம் முழங்கையோட நின்னுபோச்சு. மிச்சமிருக்கிற ஒண்ணு எவ்வளவு வேகமா அடிக்குது பாருங்க. இவரு முழு மனசோட அழுத்துறாரு."

மச்சான் கண்ணை மூடி இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். "போதும்யா, விடுங்க" என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

வெட்கத்தை மறைக்க, நல்ல கை எப்படி இரையும் என்று காட்டலாமே என்று என் கையை நீட்டினேன். புது ஊசி. அழுத்தினால் வலித்தது. டொக். கொஞ்சம் கழித்து இன்னொரு டொக்.

"அழுத்துங்க சார்."

"அழுத்துறேனே."

"இல்லை. இதுதான் நான் சொன்ன சோம்பல் சத்தம்."

திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நாக்கும் தசைதான். திண்டுக்கல் வரும்வரை உத்தரவு போட்டுப் பார்த்தேன், அசையவில்லை.

அடுத்த சந்தை நாளில் தனியாக அய்யலூர் போய், கூட்டாளிகளில் மூத்தவரிடம் என் பேச்சை வாபஸ் வாங்கினேன். அவர் ஒரு ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தபடியே கேட்டார்.

"எந்தப் பேச்சு அப்பு? நாங்க அம்புட்டுப் பேரும் அன்னைக்கு ஓடுன கிடாய்க்குப் பின்னாடில்ல போனோம். நீ பேசுனதைக் கேட்டது உம் மச்சான் ஒருத்தருதான்."