மருமகளின் கிதார்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். துபாயிலிருக்கும் கடைசி மகன் கிதாரில் ஜாஸ் என்கிற மேல்நாட்டு நடையில், மைனர் கார்டு என்கிற சோகமான சுரக்கூட்டுகளை வாசித்து அனுப்புவான். எனக்கல்ல, பெண்டாட்டிக்கு. அறந்தாங்கி வீட்டில் அவள் அதைப் போனில் ஓடவிட்டு, அதன்மேல் தன் கிதாரில் தனி மெட்டு வாசிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள், "என்னடி, நடுநடுவுல நிப்பாட்டிருற? வாசிக்க வரலையா?" என்று குத்தினேன்.

"நானே வாசிச்சுக்கிட்டிருந்தா அவுக வாசிக்கிறது எப்புடி அத்தை கேக்கும்?" என்றாள்.

மகன் போன் செய்தால் எப்போதும் நான்தான் பேசுவேன். அன்று அவன் கூப்பிட்டபோது, பேச்சை நிறுத்தி அவன் பேசக் காத்திருந்தேன்.

"ஊருக்கே வந்துரலாம்னு இருக்கு ஆத்தா," என்றான்.

அவளுக்கு இது அவன் வாசிப்பிலேயே முன்பே தெரிந்திருக்கும். அந்த எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதிய பேத்தியைக் கூப்பிட்டேன். "இந்தா தாயி, எழுதுனதை வாசிச்சுக் காட்டு. ஒங்கம்மா காதுல விழாம."