துடைத்தாலும் போகாத கோடு

2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஓர் ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்துவந்தேன். ஒருநாள் காலை, மேசையில் கிடந்த பிளாஸ்டிக் தாளில் சாம்பல்நிறக் கோடுகளைக் கண்டு, அழுக்கென்று அழுத்தித் துடைத்துவிட்டேன். அவை வெள்ளி நுண்துகள் மையால் அச்சிட்ட மின்சுற்றுகள்.

"நான்தான் துடைச்சனான், பிள்ளை" என்று அவற்றை அச்சிட்ட சென்னை மாணவியிடம் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவளோ, கோடுகள் இறுகும்படி சூடாக்காமல் விட்டது தன் தவறென்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் சூடாக்கிய புதுத் தாளை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இதைத் துடைங்க."

"என்னால ஏலாது, பிள்ளை."

"சூடு பண்ணியாச்சுக்கா. இனிமே போகாது."

முதலில் மெல்ல, பிறகு அழுத்தித் துடைத்தேன். கோடுகள் அப்படியே இருந்தன. அவள் பேட்டரியை இணைத்ததும் சிறு விளக்கு எரிந்தது.

இன்று எனக்குக் கீழே நால்வர் துப்புரவு வேலை செய்கிறார்கள். பிழைவிட்ட கையிலேயே பொருளைத் திரும்பக் கொடுக்க எனக்கு இன்னும் துணிவு வருவதில்லை. அவள் கொடுத்தாள்.