தம்பியின் பெயர்

அகதிகளாக வந்து வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த கட்டடத்தில் செலீன் எனக்கு மேல்மாடி. குருநகர்ப் பெண், தட்டச்சில் கைவேகம் உள்ளவள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தொண்ணூற்று நாலில் அவளை வேலைக்கு வைத்தார். ஐரோப்பியப் பிரபுக்களின் வம்சாவளியை அந்த மனிதர் காலமெல்லாம் கையால் எழுதிக் குவித்திருந்தார். அதைக் கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், யார் யாரைக் கொன்றார். மூன்றாவதுதான் அதிகம்.

திருச்சபையின் ஆயர்மாரும் விலக்கில்லை. அந்தக் காலத்து ஆயர் செபமாலை உருட்டிக்கொண்டு இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நாடாண்டார், வரி வாங்கினார், கவசம் போட்டுக் குதிரையேறிக் கூடப்பிறந்தவனின் ஊரையே கொளுத்தினார்.

ஒருநாள் கொன்றாட் என்ற பிரபுவின் பக்கம் வந்தது. ஆயராக இருந்த தன் தம்பி ஓட்டோவை அவன் பூசைக்குப் போகும் வழியில் மறித்து, குதிரையிலிருந்து இழுத்து விழுத்தி வெட்டிக் கொன்றான். பிறகு தனக்குப் பிறந்த மகனுக்கு ஓட்டோ என்றே பெயர் வைத்தான். அந்தப் பிள்ளையும் வளர்ந்து அதே ஊருக்கு ஆயரானான். "பிராயச்சித்தம்" என்று பேராசிரியர் உருகினாராம். செலீன் வேலையைப் போட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டாள்.

"பிள்ளையைக் கொண்டு இரத்தத்தைத் துடைச்சிருக்கிறான், நாய்!" என்று என் குசினியில் நின்று கத்தினாள்.

ஏன் கத்தினாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய தம்பி எமிலைச் சுட்டவன் அவளுடைய அண்ணன் அன்புராசா. இருவரும் வேறு வேறு ஆயுத இயக்கம். இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடிய நாளில், தம்பியை வீட்டுக்குப் பின்னாலிருந்த கோடிக்குள் இழுத்துக்கொண்டுபோய் நெற்றியில் சுட்டான். செலீன் கண்ணால் பார்த்தாள். மூளை சிதறிய மண்ணை அள்ளிச் சவப்பெட்டிக்குள் போட்டவளும் அவள்தான். அன்புராசா ஊருக்கும், பிறகு கட்டின பெண்சாதிக்கும், ஆமிக்காரன் சுட்டது என்றே சொல்லிவந்தான்.

பிறகு அவனும் இங்கே வந்து மில்லிக்கனில் குடியிருந்தான். மகன் பிறந்ததும் செலீனின் கதவைத் தட்டினான்.

"பிள்ளைக்கு எமில் எண்டுதான் வைக்கப்போறன். நீதான் ஞானத்தாய். கோயிலிலை உன்ரை வாயாலை அந்தப் பேரைச் சொல்லு, தங்கச்சி. எனக்கு அது போதும்."

கொன்றாட் மில்லிக்கனில் வீடு எடுத்து வந்துவிட்டான் என்றுதான் எனக்குப் பட்டது. போகாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "வாறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள் செலீன். அவள்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

ஞானஸ்நானத் தொட்டியடியில் பிள்ளை அவள் கையில் இருந்தது. என்ன பெயர் என்று சுவாமியார் கேட்டார். செலீன் அண்ணனைப் பார்த்தாள்.

"எமிலைச் சுட்டது ஆர்? முதல் நீ அதைச் சொல்லு. பிறகு நான் பேரைச் சொல்லுறன்."

அன்புராசா புறங்கையால் அறைந்தான். அவள் உதடு கிழிந்து பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் இரத்தம் கொட்டியது. மறுபடி ஓங்கினான். நான் பாய்ந்து அவன் கையில் தொங்கினேன். என்னை உதறிக் கோயில் வாங்கின்மேல் எறிந்தான். திரும்பி அவளை இன்னொன்று அறைந்தான். செலீன் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சொல்லு அண்ணை."

"நான்தான்! நான்தான் சுட்டனான்! சுடாட்டி எங்கடை இயக்கத்திலை என்னைச் சுட்டிருப்பாங்கள்!"

அவன் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். பிள்ளை வீரிட்டது. செலீன் வாயைத் துடைக்காமலே சுவாமியார் பக்கம் திரும்பினாள்.

"எமில்" என்றாள்.