பந்தியில் குனிந்த தொப்பி

காகிதம் என்று வந்துவிட்டால் எனக்கு அடக்கம் கிடையாது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். காதுகுத்துக்கு, கல்யாணத்துக்கு, கருமாதிக்கு என்று மனிதனுக்கு வேண்டிய தாளையெல்லாம் வருஷக்கணக்காக மடித்துக் கொடுத்து வருகிறவனுக்கு ஒரு தொப்பி பெரிய விஷயமா? மச்சானிடம் அப்படித்தான் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். அவன் வைக்கும் ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். ரசத்துக்கு அடுத்தபடியாக அவனுடைய பெருமை மீசை. அதற்கென்று தனிச் சீப்பு ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கும். அன்று மத்தியானம் அச்சகத்துக்கு வந்து தாள் கட்டின் மேல் உட்கார்ந்தவன் சீப்பை எடுக்கவே இல்லை. விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“மாமா, ரசத்துல முடி.”

“எடுத்துப் போட்டுட்டு சாப்புடச் சொல்றதுதான.”

“சாப்ட்டது மண்டபத்து ஓனரு.”

தவளக்குப்பத்தில் இருக்கிற கல்யாண மண்டபம் அது. உரிமையாளர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் ஊரில் அப்படி வந்தவர்களைச் சொல்தா என்போம். இவர் எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத சொல்தா. ரசத்தில் முடியைப் பார்த்ததும் அவர் கத்தவில்லை. அதை எடுத்து இலை ஓரத்தில் நேராக நீட்டி வைத்துவிட்டு, மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அடுத்த முகூர்த்தம் ஒன்று தருகிறேன், முடி இல்லாமல் முடித்தால் மண்டபத்துச் சமையல் முழுக்க இனிமேல் உனக்குத்தான், மறுபடியும் முடி வந்தால் கடலூர்ச் சமையல்காரன் வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறார்.

“வலைத் தொப்பி விக்குதே, வாங்கிப் போட வேண்டியதுதான?”

“போட்டேன் மாமா. பிரசவ வார்டுக்கா போறோம்னு கழட்டி வெச்சிட்டானுங்க. துணித் தொப்பி தெச்சிக் குடுத்தா, இவன் வேர்வைய அவன் போட மாட்டேங்கறான். மலிவா ஒண்ணு வேணும். ஒரு பந்தி முடிஞ்சா கடாசிடணும். அடுத்த பந்திக்குப் புதுசு.”

“தாளை மடிச்சா தொப்பி. இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சிட்டு வந்த? போ, போய் ரசத்தைப் பாரு.”

அவன் போனதும் தாளை எடுத்தேன். சின்ன வயதில் எல்லோரும் செய்கிற கப்பலைத்தான் முதலில் செய்தேன். கவிழ்த்தால் தொப்பி. கண்ணாடி முன் நின்று பார்த்தேன். கப்பல் என் தலையில் தரை தட்டி நின்றது. எனக்குத் தலையில் முடி கிடையாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. சோதனைக்கு இதைவிடச் சுத்தமான தலை புதுச்சேரியில் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் சரிவரவில்லை. உச்சியை மூடியது, காதோரத்தை விட்டுவிட்டது. அடுத்து உருளையாக ஒட்டினேன். அடுப்படி ஆவியும் வேர்வையும் பசையை இளக்கிவிடும் என்று உடனே உறைத்தது. வீட்டில் இட்லி வெந்த நேரம் பார்த்துக் குண்டானுக்கு மேல் தலையை நீட்டிச் சோதித்தும் பார்த்தேன். பிரிந்துகொண்டு வந்தது. ஸ்டேப்ளர் பின் அடிக்கலாம் என்றால், முடிக்குப் பதிலாகப் பின் விழும். சொல்தா அதையும் எடுத்து இலை ஓரத்தில் நீட்டி வைப்பார்.

ஆக, பசை கூடாது, பின் கூடாது, மடிப்பே பூட்டாக இருக்க வேண்டும். இங்கேதான் அச்சகக்காரனின் மூளை வேலை செய்தது. தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. அதன் போக்கில் மடித்தால் படியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். கல்யாணப் பத்திரிகை உள்பக்கத்துக்குப் போடுகிற மேப்லித்தோ தாளை எடுத்து, ஓட்டம் பார்த்து, நீள விளிம்பை அடுக்கடுக்காக மடித்து ஒரு பட்டையாக்கினேன். நெற்றி வேர்வையை அதுவே குடித்துக்கொள்ளும். இரண்டு முனையையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தேன். மேலே மிஞ்சிய தாளைக் கவிழ்த்துப் பட்டைக்குள் செருகினேன். பூட்டிக்கொண்டது. பெரிய தலையென்றால் முனைகளைத் தளர்த்தலாம், சின்ன தலையென்றால் இழுத்துக்கொள்ளலாம். முன்முடி முழுக்க மறைய வேண்டும் என்று முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் இறக்கமாக வெட்டினேன். அதன் நெற்றியில் மச்சானின் கேட்டரிங் பேர், சிவப்பில். தாளை வெட்டும்போது ஒரு துண்டுகூட வீணாகாதபடி அளவைப் பொருத்தினேன். பத்திரிகைக்கு வெட்டி மிஞ்சுகிற தாளிலேயே தொப்பி வந்துவிட்டது. இதைவிட மலிவு வேண்டுமென்றால் வெறும் காற்றைத்தான் மடிக்க வேண்டும்.

மனைவி பார்த்தாள்.

“நல்லாத்தாங்க இருக்குது. நம்ம ஊரு போலீஸ்காரர் செவப்புத் தொப்பிய சோடால ஊறப்போட்டு எடுத்த மாதிரி.”

“வெள்ளையா இருக்குங்கற.”

“அப்பிடியே வெச்சுக்கங்க.”

தலையை இடது பக்கம் ஆட்டினேன், வலது பக்கம் ஆட்டினேன். படியேறி இறங்கினேன். மின்விசிறிக்கு நேராக நின்றேன். தொப்பி அசையவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே தலையசைத்துக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்று காலையிலேயே அட்டைப் பெட்டியோடு மண்டபத்துக்குப் போய்விட்டேன். பரிமாறுகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் தலையிலும் நானே மாட்டிவிட்டேன். வலைத் தொப்பியைக் கழற்றி வைத்த அதே ஆட்கள் செல்போனில் முகம் பார்த்துக்கொண்டார்கள். சொல்தா வந்தார். அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் தலையிலிருந்து கடைசித் தலை வரைக்கும் நடந்தார். யார் தலையும் ஆடவில்லை.

“த்ரே பியேன்” என்றார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். “யார் டிசைனு?”

மச்சான் என்னைக் காட்டினான். நான் அடக்கமாகச் சிரித்தேன். அன்றைக்கு அந்த அடக்கத்துக்கு ஆயுள் குறைவு.

மேலே தாலி கட்டிக் கெட்டிமேளம் அடங்கியதும், சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள். சனம் இன்னும் இறங்கி வரவில்லை. பரிமாறுகிறவர்களில் மூத்தவர், கல்யாண வீடுகளிலேயே தலை நரைத்தவர், முதல் இலையில் உப்பு வைக்கக் குனிந்தார். தொப்பி கழன்று நேராக இலையில் விழுந்து உப்பை மூடிக்கொண்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அண்ணே, இது தலைக்கா, உப்புக்கா?”

பக்கத்து வரிசையில் ஊறுகாய் வைத்தவர் குனிந்தார். அவருடையதும் விழுந்தது. தண்ணீர் தெளித்தவருடையது தண்ணீரிலேயே விழுந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தலையை ஆட்டிப் பார்த்தேன், படியேறிப் பார்த்தேன், காற்றில் நின்று பார்த்தேன். குனிந்து பார்க்கவில்லை. வாழையிலையில் பரிமாறுகிறவன் ஓர் இலைக்கு எத்தனை தடவை குனிவான் என்று, மாதம் தவறாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பந்தியில் நான் பார்ப்பது கரண்டியை, தலையை அல்ல. கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று கேக் விற்கிறவனுக்குச் செய்ய வேண்டிய தொப்பியைச் செய்து, குனிந்து பிழைக்கிறவன் தலையில் மாட்டியிருக்கிறேன்.

மச்சான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “மாமா” என்று மட்டும் சொன்னான். மீசை இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது.

என் பயத்துக்கு என்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உள்ளங்கால் சில்லிடும். பிறகு காது அடைக்கும். அதற்குப் பிறகு, சம்பந்தமே இல்லாத ஒரு வேலையில் மும்முரமாக இறங்கிவிடுவேன். அன்று மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டில்களின் லேபிளையெல்லாம் ஒரே திசையைப் பார்க்கும்படி திருப்பி வைக்க ஆரம்பித்தேன். உயிரே அதில்தான் இருப்பதுபோல் திருப்பினேன். மூலக்குளத்தில் இருக்கிற வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துக்கொண்டால் ஜுரம் என்று சொல்லிவிடலாமா? வண்டிச் சாவி எந்தப் பையில்? மண்டபத்துக்குப் பின்வாசல் உண்டா? மேலே செருப்புச் சத்தம் கேட்டது. சனம் இறங்குகிறது.

பாட்டில் வரிசை தீர்ந்துபோனதும் இலைக்கட்டு வைத்திருந்த அறைக்குள் நுழைந்தேன். பின்வாசல் இல்லை. என் தலையிலும் ஒரு தொப்பி இருந்தது, டிசைன் செய்தவனும் போட்டிருக்க வேண்டும் என்று. வெறுப்பில் குனிந்து ஓர் இலைக்கட்டைத் தூக்கி எறியப் பார்த்தேன். தொப்பி விழுந்தது. எடுத்து மாட்டினேன். மறுபடி குனிந்தேன். விழுந்தது. அவசரமாக எடுத்துத் தலையில் அப்பிக்கொண்டு, காலில் சிக்கிய வாழைநாரை உருவக் குனிந்தேன். விழவில்லை.

இன்னும் குனிந்தேன். விழவில்லை. தலையைத் தொங்கப்போட்டு உதறினேன். ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால், பதற்றத்தில் தொப்பியை முன்பக்கம் பின்னால் போகும்படி மாட்டியிருக்கிறேன். முன்முடிக்கென்று இறக்கமாக வெட்டியது இப்போது பின்மண்டையின் மேட்டைத் தாண்டிப் பிடரியில் போய் உட்கார்ந்துவிட்டது. குனிகிற தலையிலிருந்து தொப்பி முன்னால்தான் நழுவும். அதைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். அந்த மேட்டைவிட நல்ல கொக்கி மனிதனுக்குக் கிடையாது. கடவுள் பிடரியைச் செய்துவிட்டு எனக்காக இத்தனை காலம் காத்திருந்தார் என்றுதான் தோன்றியது.

உள்ளங்காலில் சூடு திரும்பியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, டிசைன் செய்தவனுக்கு உரிய நடையில் வெளியே வந்தேன்.

“எல்லாரும் திருப்பிப் போடுங்க. பேரு பின்னால வரணும்.”

மூத்தவர் சந்தேகமாகப் பார்த்தார். “காலைல நீங்கதான முன்னால மாட்டுனீங்க?”

“அது நிக்கறதுக்கு. பந்திக்கு வந்தா திருப்பணும்.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“கேட்டாதான சொல்லுவாங்க.”

அவர் திருப்பிப் போட்டுக் குனிந்தார். உப்பு வைத்தார், நிமிர்ந்தார், அடுத்த இலைக்குக் குனிந்தார். தொப்பி இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றவர்களும் திருப்பினார்கள். தொப்பி விழுந்த இலைகளை மாற்றி முடிப்பதற்கும் முதல் சம்பந்தி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

திருப்பியதில் ஒரே ஒரு மாறுதல். பின்னால் இருக்க வேண்டிய செருகல் முன்னால் வந்து, நெற்றிக்கு மேலே கொஞ்சம் வளைந்து மூக்குபோல நீட்டிக்கொண்டது. பரிமாறுகிறவர்கள் வரிசையாகக் குனிந்து குனிந்து நிமிர்ந்தபோது கிளிக்கூட்டம் நெல் பொறுக்குவதுபோல இருந்தது. பந்தியிலிருந்து யாரோ, “கிளிகிட்ட இன்னும் கொஞ்சம் கூட்டு வெக்கச் சொல்லு” என்றார்கள். கூட்டு வைத்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மச்சானுக்கு மட்டும் ஒரு குறை.

“மாமா, எம் பேரு பின்னால போயிட்டுதே.”

“சாப்பாடு வெச்சிட்டு அடுத்த எலைக்குத் திரும்பறப்பதான் பேரு தெரியும் மச்சான். சாப்பாட்ட வாயில வெச்ச நேரத்துக்குத் தெரியும். அதான் எடம்.”

அவன் யோசித்துவிட்டு மீசையைச் சீவிக்கொண்டான். அந்தப் பதில் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கும் ஆச்சரியம்தான்.

ஒவ்வொரு பந்தி முடிந்ததும் பழைய தொப்பிகள் குப்பைத் தொட்டிக்கும் புதியவை தலைக்கும் போயின. எந்த இலையிலிருந்தும் புகார் வரவில்லை. கடைசிப் பந்தியில் சொல்தா உட்கார்ந்தார். பக்கத்து இலையைத் தட்டி என்னையும் உட்காரச் சொன்னார். சாப்பாட்டைச் சாப்பிடுவதற்கு முன் கிளறினார், சோதனைச்சாவடியில் மூட்டையைக் கிளறுவதுபோல. சாம்பாரில் ஒன்றுமில்லை. காரக்குழம்பில் ஒன்றுமில்லை. ரசம் வந்தது. சொல்தா தன் இலையில் ரசச் சோற்றைப் பரப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

என் இலையில் இருந்தது.

கறுப்பாக, தடியாக, நுனியில் லேசாக நரைத்து, விரற்கடை நீளத்தில் ஒன்று. இரண்டு பக்கமும் வளைந்திருந்த அழகைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. தலைக்குத்தானே தொப்பி செய்தேன், உதட்டுக்கு மேலே இருக்கிற தோட்டத்துக்கு யார் பொறுப்பு? உள்ளங்கால் மறுபடியும் சில்லிட்டது. திருப்பி வைக்கப் பக்கத்தில் ஒரு பாட்டில்கூட இல்லை. சொல்தாவின் பார்வை தன் இலையை முடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

சட்டென்று இலையை என் பக்கமாக மடித்துவிட்டேன். மடிப்பு என்று வந்தால் என் கை எப்போதும் மூளைக்கு முன்னால் போகும்.

“இன்னாங்க, பாயசமே வரல, அதுக்குள்ள மடக்கிட்டீங்க?”

“சுகர்ங்க.”

“ஜாங்கிரி ரெண்டு சாப்ட்டீங்களே?”

“அதாலதாங்க நிறுத்திக்கிட்டேன்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாயசத்தை இலையில் வாங்கி, கையால் வழித்துச் சாப்பிட்டார். அன்றைக்குப் பருப்புப் பாயசம். காலையிலிருந்து அந்த வாசனைக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன். அவர் வழித்த ஒவ்வொரு வாயையும் எண்ணாமல் இருக்கப் பாடுபட்டேன்.

கை கழுவிவிட்டு வந்த சொல்தா அடுப்படிக்குள் போய் மச்சானின் தோளைத் தட்டினார். “முடி இல்ல. இனிமே இந்த மண்டபத்துல உன் அடுப்புதான். அந்தக் கிளித் தொப்பியோட. தொப்பி இல்லன்னா அடுப்பும் இல்ல.”

அவர் போனதும் மச்சான் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. ஒரு டம்ளர் நிறையப் பாயசம் கொண்டுவந்து நீட்டினான்.

“மாமா, உனக்குன்னு எடுத்து வெச்சேன். நானே கிண்டி, நானே ஊத்துனது.”

வாங்கினேன். வெளிச்சத்தில் டம்ளரைச் சாய்த்து ஒருமுறை நன்றாக உள்ளே பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்த ஒரு தாளை எடுத்து, நார் ஓட்டம் எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்தேன்.

“இன்னா மாமா பண்ற?”

“மூஞ்ச இப்பிடித் திருப்பு. காதுலருந்து காதுக்கு அளவு எடுக்கணும்.”